மாடு வளர்ப்பில் கைவைத்தியமும் தடுப்பூசியும்: அம்மா எதை ஏத்துக்கிறாங்க, எதை விடறாங்க?

கொடுங்கையூர்க்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பொன்னேரி, ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் சொந்தம் இல்லாத வீடு நம்ம வடசென்னைல கம்மி. அதனால இந்தக் கேள்வியை இங்கயே கேக்கறேன்.

எனக்கு வேலை, வீடு எல்லாம் கொடுங்கையூர். ஊர் பெரியபாளையத்துக்கு மேற்கே. அம்மா அங்க மூணு ஜெர்சி கலப்பு மாடு, கொஞ்சம் ஆடு, நாட்டுக்கோழி வெச்சிருக்காங்க. ரெண்டு வேளையும் சொசைட்டிக்குப் பால் ஊத்தறாங்க. மாட்டைப் பத்தி அவங்களுக்குத் தெரிஞ்சதுல பாதிகூட எனக்குத் தெரியாது. மூக்கு காய்ஞ்சிருக்குன்னு தூரத்துல நின்னே சொல்லுவாங்க, போய்ப் பாத்தா மாட்டுக்குக் காய்ச்சல் இருக்கும்.

ஆனா எனக்குப் புரியாத சில விஷயம் இருக்கு. மாட்டைச் சினையாக்கப் போடற சினை ஊசின்னா உடனே போன் போடறாங்க. கோமாரிக்கு (வாய்லயும் கால்லயும் புண்ணு வர்ற நோய்) தடுப்பூசி முகாம்னு ஆட்டோல மைக் கட்டிக் கூவிட்டுப் போனா மாட்டை ஓட்டிட்டுப் போக மாட்டாங்க. ஊசி போட்டா பால் குறையும், சினை கலையும்கறாங்க. அடையாள நம்பர் போட்ட காது வில்லை மாட்டறதும் பிடிக்கல. தீவனத்துல கலக்க நான் வாங்கிக் கொடுத்த தாது உப்பு மூட்டை பிரிக்காமலே கிடக்கு. மடி வீங்கினா கத்தாழையும் மஞ்சளும். கன்னு போட்டா நஞ்சுக்கொடி விழற வரைக்கும் கன்னுக்குப் பால் விடமாட்டாங்க. போன வருஷம் ஒரு கன்னு கழிஞ்சே செத்துப்போச்சு.

அவங்களை மதிக்காம பேசவும் எனக்கு மனசு வரல, சும்மா பாத்துட்டு இருக்கவும் முடியல. இதுல எதை அப்படியே விடலாம், எதைக் கண்டிப்பா மாத்தணும்? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

வியாசை மாட்டுக்காரன் எழுதியது:

தம்பி, எங்க வீட்ல தாத்தா காலத்துலேர்ந்து மாடு. வியாசர்பாடி சந்துல கட்டி வெச்சுக் கறந்து, வீடு வீடா ஊத்தினவங்க நாங்க.

//சினை ஊசின்னா உடனே போன் போடறாங்க//

பொலி காளை எங்கப்பா இருக்கு இப்ப? முன்ன ஊருக்கு ஒண்ணு இருந்துச்சு. அதுக்குத் தீனி போட்டுக் கட்டுப்படி ஆகாம எல்லாரும் வித்துட்டாங்க. ஊசி போடலைன்னா மாடு சும்மா நிக்கும், கன்னும் இல்ல பாலும் இல்ல. அதனால ஊசிய உங்கம்மா ஏத்துக்கிட்டதுல ஆச்சரியம் இல்ல, வேற வழியில்ல. தடுப்பூசி அப்படியா? போடாட்டியும் மாடு இன்னிக்குப் பால் கொடுக்கும்.

இன்னொண்ணு சொல்றேன், இது பழசும் இல்ல, டாக்டர் சொன்ன புதுசும் இல்ல. டவுன்ல மாடு வெச்சிருக்கறவங்களா கண்டுபிடிச்சது. கல்யாண மண்டபத்துச் சோறு, ஓட்டல்ல மிஞ்சின இட்லி மாவு, மார்க்கெட் கழிவுக் காய். செலவில்லாம வயிறு ரொம்புதுன்னு கொட்டறாங்க. சோறு அதிகமா தின்ன மாடு வயித்துல புளிச்சு, அசை போடாம, பல்ல கடிச்சுக்கினு படுத்துரும். பொங்கல் முடிஞ்ச மறுநாள் ஆஸ்பத்திரில பாரு, மாட்டுப் பொங்கலுக்கு ஆசையா சக்கரைப் பொங்கல ஊட்டின மாடா வரிசையா நிக்கும். உங்கம்மாகிட்ட இதை மட்டும் சொல்லி வை: சோறு ஒரு கவளம், சாமிக்கு வெச்ச மாதிரி. அவ்ளோதான்.

ரெட்டேரிக் கரை எழுதியது:

கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தம்பியின் கேள்வியில் பல விஷயங்கள் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன. பிரித்துத்தான் பேச வேண்டும்.

தடுப்பூசியைப் பற்றி அம்மா சொல்வது பொய்யில்லை. கோமாரி ஊசி போட்ட மாட்டுக்குச் சில நாள் லேசாகக் காய்ச்சல் அடிக்கலாம், ஊசி போட்ட இடம் தடிக்கலாம், பால் கொஞ்சம் குறையும். சொசைட்டிப் பணத்தில்தான் மளிகை என்று ஓடும் வீட்டுக்கு அது உண்மையான இழப்பு. “ஒன்றும் ஆகாது” என்று யாராவது சொல்லி ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தால், பால் குறைந்த அன்றே அவர் சொன்ன மற்ற எல்லாவற்றின் மேலும் நம்பிக்கை போயிருக்கும். குறையும், இத்தனை நாளில் திரும்பிவிடும் என்று முன்கூட்டியே சொன்னால் தாங்கிக்கொள்வார்கள். நிறைமாதச் சினை மாட்டுக்கு அப்போது போடாமல் தள்ளி வைப்பதுதான் வழக்கம். அதையும் முகாமில் வாய்விட்டுச் சொல்லலாம்.

இன்னொரு பழைய நினைவும் இதில் கலந்திருக்கிறது. வெக்கை நோய் என்று ஒன்று இருந்தது. தொழுவம் தொழுவமாக மாடுகளைக் கொன்றது. அதற்கு ஒரு ஊசி போட்டால் ஆயுசுக்கும் தாங்கும். இந்தியாவில் அந்த நோய் கடைசியாகக் காணப்பட்டது 1995இல், நம் வட ஆற்காட்டுப் பக்கம். 2006இல் நம் நாடு அந்த நோய்த்தொற்று நீங்கிய நாடாக அறிவிக்கப்பட்டது, 2011இல் உலகத்திலிருந்தே அது ஒழிந்ததாக அறிவித்தார்கள். அந்த ஊசியைப் பார்த்த தலைமுறை, “கோமாரிக்கு மட்டும் ஏன் வருஷத்துக்கு ரெண்டு தடவை வர்றீங்க, உங்க மருந்து சரியில்லையா?” என்று கேட்கிறது. நியாயமான கேள்விதான். கோமாரிக் கிருமியில் பல வகை உண்டு. ஊசி தரும் காப்பும் ஆறு மாதத்துக்கு மேல் நம்பத்தக்கதாக நிற்பதில்லை. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் இலவசமாகப் போடுவது இதனால்தான். கன்றுக்கு நாலாம் மாதத்தில் முதல் ஊசி, அடுத்த மாதம் ஒரு ஊக்க ஊசி.

கோமாரி வந்து பிழைத்த கலப்பின மாட்டை அம்மா பார்த்திருப்பார். வாய்ப்புண் ஆறிவிடும், ஆனால் அதற்குப் பின் வெயில் காலத்தில் நாய் போல மூச்சு இரைக்கும், சினை பிடிக்காது, பழைய பால் வராது. அந்த இழப்பையும் ஊசியால் குறையும் பாலையும் பக்கத்தில் வைத்து அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

சீம்பால் விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். அதை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.

பச்சிலை எழுதியது:

மன்னிக்கணும் ஐயா, எல்லாரும் அம்மாவைத் திருத்தறதுலயே குறியா இருக்கீங்க. அந்தம்மா மடிக்குப் போடற கத்தாழை மருந்தைத்தான் இன்னிக்குப் பல்கலைக்கழகமே சொல்லிக் கொடுக்குது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் புண்ணியமூர்த்தி தஞ்சாவூர்ல இருந்துகிட்டு இந்த மரபு மருந்துகளையெல்லாம் அளவோட தொகுத்தார். தேசிய பால்வள வாரியம் அதை எடுத்து மற்ற மாநிலத்துப் பால் சங்கங்களுக்கும் கொண்டுபோச்சு. அந்தப் பல்கலைக்கழகத்தோட தலைமையிடம் நம்ம மாதவரம் பால்பண்ணைலதான் இருக்கு. நாம தினம் அந்த வாசலைத் தாண்டித்தான் போறோம்.

அளவு இதுதான், எழுதி வெச்சுக்குங்க. சோற்றுக்கத்தாழை 250 கிராம், முள்ளை மட்டும் சீவிட்டு தோலோட. மஞ்சள் தூள் 50 கிராம். வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பு 15 கிராம். மூணையும் அரைச்சா செக்கச்செவேல்னு சிவப்பா வரும், சிவக்கலைன்னா சுண்ணாம்பு சரியில்ல. மடியில இருக்கற பாலை முழுசா பீய்ச்சி வெளியே ஊத்திடணும். மடியைக் கழுவிட்டு, ஒரு கை விழுதை எடுத்துத் தண்ணில கரைச்சு மடி முழுக்கத் தடவணும். ஒரு நாளைக்கு எட்டுலேர்ந்து பத்து தடவை, அஞ்சு நாள். அன்னன்னிக்குப் புதுசா அரைக்கணும்.

உங்கம்மா எத்தனை தடவை தடவறாங்கன்னு பாருங்க. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு போட்டுட்டு “கேக்கல”ன்னு விடறவங்கதான் அதிகம். மருந்து பழசுதான், அளவும் தடவையும்தான் ஆராய்ச்சில சேர்ந்தது.

வேப்பேரி மாணவி எழுதியது:

நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன், இறுதி ஆண்டு. பச்சிலை அண்ணா கொடுத்த அளவு சரிதான். அதோடு ஒரு எச்சரிக்கையும் சேர்க்கணும்.

மடிநோய் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. பால் லேசா திரிஞ்சு வருது, மடி கொஞ்சம் சூடு, மாடு தீனி எடுக்குது என்றால் அந்த விழுதைத் தொடங்கலாம். மடி கல்லு மாதிரி இறுகி, பால் தண்ணியா அல்லது ரத்தமா வந்து, மாடு தீனி எடுக்காம, காய்ச்சலோட சோர்ந்து நிக்குதுன்னா அது சில மணி நேரத்துல உயிரைக் குடிக்கக்கூடியது. அப்ப அரைச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. 1962க்குப் போன் செய்யுங்க, நடமாடும் மருத்துவ வண்டி வரும். காம்பு கறுத்து சில்லுன்னு ஆன பிறகு கொண்டுவந்தா மடியைக் காப்பாத்த முடியாது.

மடிநோய் வராம இருக்க அம்மா கறக்கிற கையைப் பாருங்க. நம்ம ஊர்ல நிறைய பேர் கட்டைவிரலை உள்ளே மடக்கி, அந்த மூட்டால காம்பை அழுத்திக் கறப்பாங்க. வேகமா வரும், ஆனா காம்புக்குள்ள காயமாகும், அந்தக் காயத்துலதான் கிருமி தங்கும். அஞ்சு விரலும் சுத்திப் பிடிச்சு, மேலேர்ந்து கீழே ஒவ்வொரு விரலா இறுக்கிக் கறக்கறது நல்லது. கறந்து முடிச்ச உடனே காம்புத் துவாரம் மூடாது, அரை மணி நேரமாவது ஆகும். அதுக்குள்ள மாடு சாணி மேல படுத்தா போச்சு. அதனால தீவனத்தைக் கறந்த பிறகு வைங்க, தின்னுக்கிட்டு நிக்கும். இதுக்கு ஒரு பைசா செலவில்லை.

இன்னொன்னு, பால் உப்புக் கரிக்குதுன்னு அம்மா சொன்னா நம்புங்க. வெளியே வீக்கமே தெரியாத மடிநோயில் அதுதான் முதல் அறிகுறி.

ரெட்டேரிக் கரை எழுதியது:

இப்போது சீம்பால்.

நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றுக்குப் பால் என்பது நம் பக்கம் ஆழமாக வேர்விட்ட வழக்கம். சில கன்றுகள் பிழைத்துவிடுவதால் அது நிலைத்துவிட்டது. கன்று வயிற்றில் இருக்கும்போது தாயின் நோயெதிர்ப்பு அதற்குப் போய்ச் சேராது. பிறந்த பின் சீம்பால் வழியாகத்தான் போகும். கன்றின் குடலும் அதை அப்படியே உறிஞ்சுவது முதல் ஒரு நாள்தான், மணிக்கு மணி அந்தத் திறன் குறைந்துகொண்டே வரும். எனவே பிறந்து அரை மணி, ஒரு மணிக்குள் முதல் சீம்பால் உள்ளே போக வேண்டும். எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு. 25 கிலோ கன்றுக்கு முதல் நாள் இரண்டரை லிட்டர், மூன்று நான்கு தவணையாக. போன வருடம் கழிந்து செத்த கன்று இதனால்தான் செத்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் சீம்பால் தாமதமான கன்றுக்குக் கழிச்சல் வந்தால் எதிர்த்து நிற்கத் தெம்பிருக்காது.

அம்மாவிடம் வாதாட ஒரு நல்ல வழி இருக்கிறது. கன்று முட்டி முட்டிக் குடிக்கும்போது தாய் மாட்டுக்குச் சுரக்கும் அதே சுரப்புதான் கருப்பையையும் சுருங்க வைக்கிறது. கொடி விழ அதுவே உதவும். “கொடி விழணும்னா கன்னை ஊட்ட விடும்மா” என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு வேண்டியதும் கொடி சீக்கிரம் விழுவதுதானே.

கொடி விழாவிட்டால் கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும் கையை விட்டு இழுப்பதும் கூடாது. எட்டு மணி நேரம், அதிகம் போனால் பன்னிரண்டு. அதற்குள் தானாக விழ வேண்டும். முள்ளங்கியும் வெண்டைக்காயும் வெல்லம் சேர்த்துக் கொடுப்பது மரபு மருந்தில் இருக்கிறது, தாராளமாகக் கொடுங்கள். அதற்கு மேலும் தொங்கினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கண்டிப்பாக நிறுத்த வேண்டிய இன்னொன்று சூடு போடுவது. வீக்கம், முடம், தீனி எடுக்காமை என்று எதற்கெடுத்தாலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இழுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாடு ஏற்கெனவே நோயில் இருக்கிறது. அதன் மேல் தீப்புண்ணும் சேர்ந்து, ஈ மொய்த்துப் புழுவும் வைக்கும். மரபு என்ற பெயரில் இதையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியதில்லை.

பச்சிலை எழுதியது:

//மரபு என்ற பெயரில் இதையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியதில்லை//

ஒத்துக்கறேன் ஐயா. அதே தராசு இந்தப் பக்கமும் வேணும். டைக்ளோபினாக் வலி ஊசி என்ன ஆச்சு? மாட்டுக்குப் போட்டாங்க, அந்த மாடு செத்து, அதைத் தின்ன பிணந்தின்னிக் கழுகு சிறுநீரகம் கெட்டுச் செத்துது. 2006ல மாட்டுக்குத் தடை பண்றதுக்குள்ள நாடு முழுக்கக் கழுகே அத்துப்போற நிலைமை. பால் சுரக்கறதுக்குன்னு வேளாவேளைக்கு ஊசி போடறாங்களே, அதுவும் புதுசுதான். விலங்கு வதைத் தடைச் சட்டத்துலயே குற்றம்னு இருக்கு, ஆனா ரகசியமா நடக்குது. கன்னு செத்தாலும் பால் வருது பார்னு வித்தாங்க.

எங்க தாத்தா கன்னை ரெண்டு நிமிஷம் ஊட்ட விட்டு, தட்டிக் கொடுத்து, மாடு தானா சொரப்பு விட்ட பிறகு கறப்பார். அதுக்கு நேரம் ஆகும், அவ்வளவுதான்.

மீஞ்சூர் பால்கார அக்கா எழுதியது:

ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போவேன், இன்னிக்கு எழுதறேன். மீஞ்சூர் பக்கம் நாலு மாடு வெச்சிருக்கேன், வீட்டுக்காரர் கம்பெனி வேலைக்குப் போறார், மாட்டு வேலை முழுக்க என்னோடது.

தம்பி, உங்கம்மா ஏன் தாது உப்பு மூட்டையைப் பிரிக்கலன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு அது என்னன்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. புண்ணாக்கு ஒரு கிலோ அதிகமா போட்டா நாளைக்கே பால்ல தெரியும். தாது உப்பு போட்டா நாளைக்கு ஒண்ணும் தெரியாது, அடுத்த மாசமும் ஒண்ணும் தெரியாது. மாடு கன்னு போட்டு சரியா பருவத்துக்கு வரும்போதுதான் தெரியும், அப்பவும் அது உப்பாலதான்னு யாரு வந்து சொல்லப் போறா? தடுப்பூசியும் அதே மாதிரிதான். வேலை செஞ்சா ஒண்ணுமே நடக்காது. ஒண்ணுமே நடக்காததுக்கு ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கிட்டு மாட்டை ஓட்டிட்டுப் போகணும்.

நான் எப்படி ஆரம்பிச்சேன்னா, தொடர்ந்து சினை நிக்காத ஒரு மாட்டுக்கு மட்டும் தினம் 50 கிராம் தவிட்டுல கலந்து போட்டேன், மத்ததுக்குப் போடல. அது பருவத்துக்கு வந்து சினை நின்னதைக் கண்ணால பாத்த பிறகு எல்லாத்துக்கும் போட ஆரம்பிச்சேன். பக்கத்து வீட்டு அக்கா என் மாட்டைப் பாத்துட்டுதான் வாங்கினாங்க, யார் பேச்சையும் கேட்டு இல்ல.

பயிற்சி வகுப்புன்னு வைப்பாங்க. காலைல பத்து மணிக்கு. அந்த நேரம் எங்களுக்கு சாணி அள்ளி, மாடு கழுவி, புல் அறுக்கப் போற நேரம். வகுப்புக்குப் போறது வீட்டு ஆம்பளைங்க. சாப்பாடு சாப்பிட்டுட்டு, குறிப்புத்தாளை வாங்கிட்டு வந்து பரண்ல வைப்பாங்க. மாட்டைத் தொடறது யாரு? கறக்கறது, கன்னைப் பாக்கறது, எந்த மாடு கத்துதுன்னு ராத்திரி எழுந்து பாக்கறது எல்லாம் நாங்க. எங்களுக்குச் சொல்லாம மாடு வளர்ப்பு எப்படி மாறும்? சாயங்காலம் சொசைட்டில பால் ஊத்த வரிசைல நிக்கறோம், அங்க வந்து கால் மணி நேரம் சொன்னா எல்லாருக்கும் போய்ச் சேரும்.

இன்னும் ஒண்ணு. வைக்கோலுக்கு யூரியா தெளிச்சு ஊற வைக்கச் சொன்னாங்க, 100 கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியா, தண்ணில கரைச்சு அடுக்கடுக்கா தெளிச்சு, தார்ப்பாய் போட்டு காத்து போகாம மூடி 21 நாள். சத்து கூடும்னு சொன்னது நிஜம்தான். ஆனா தார்ப்பாய் வேணும், எடம் வேணும், ரெண்டு ஆள் வேணும், பிரிச்சா கண்ணு எரியற நாத்தம். யூரியா தண்ணியை மாடு குடிச்சுட்டா செத்துரும்கற பயம் வேற. எங்க ஊர்ல யாரும் செய்யல. அசோலாவும் (தண்ணில மிதந்து வளர்ற தீவனச் செடி) அப்படித்தான், தொட்டி வெட்டி ஷீட் போட்டு ஆரம்பிச்சாங்க, ஏப்ரல் வெயில்ல கருகிப்போச்சு, தொட்டில இப்ப கொசு. ஆனா கோ-4 புல் பாருங்க, ஒரு வீட்ல ஒரு கரணை (நடற தண்டுத்துண்டு) வந்துது, இன்னிக்கு வரப்பு முழுக்க அதுதான். வெட்டினா மறுபடி வளருது, மாடு தின்னுது, பால்ல தெரியுது. யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தல.

வேப்பேரி மாணவி எழுதியது:

அக்கா, வகுப்பு நேரம் பத்தி நீங்க சொன்னதை நான் அப்படியே எங்க விரிவாக்கத் துறை ஆசிரியர்கிட்ட காட்டப் போறேன். புத்தகத்துல “விவசாயிகளின் விழிப்புணர்வின்மை” என்று ஒரே வரியில் முடிச்சிருப்பாங்க.

ஒரு சந்தேகம், உங்க ஊர்ல பருவத்தை எப்படிப் பாக்கறீங்க? கட்டியே வளர்க்கும் மாட்டுல ஒண்ணு மேல ஒண்ணு தாவறது தெரியாதே.

மீஞ்சூர் பால்கார அக்கா எழுதியது:

வழும்பைப் (பருவத்துல மாட்டுக்கு வழியற சளி மாதிரி திரவம்) பாத்துத்தான்மா. விடியக்காலைல கட்டுத்தறிக்குப் போனதும் முதல்ல வாலுக்குக் கீழ, மாடு படுத்த எடத்துலதான் பாப்பேன். கண்ணாடி மாதிரி தெளிவா, அறுபடாம தரை வரைக்கும் தொங்கினா அது பருவம். வெள்ளையா, சீழ் மாதிரி கலங்கி இருந்தா கருப்பைல புண்ணு, அப்ப சினை ஊசி போட்டுப் பிரயோஜனம் இல்ல, முதல்ல வைத்தியம். அப்புறம் மாடு கத்தும், தீனியைப் பாதில விடும், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா மூத்திரம் விடும், பால் திடீர்னு குறையும். முதுகைத் தடவினா வாலைத் தூக்கும். சில கலப்பு மாடு கத்தவே கத்தாது, ஊமைப் பருவம். அதுக்குக் காலண்டர்தான், போன பருவத்துலேர்ந்து 21 நாள் எண்ணி அன்னிக்கு உத்துப் பாக்கணும்.

காலைல கண்டா சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கண்டா மறுநாள் காலைல. இதை ஊசி போடறவர் சொல்லிக் கொடுத்தார். எங்க மாமியாரும் காளைகிட்ட ஓட்டற காலத்துல அதைத்தான் சொல்லுவாங்க, “கண்ட உடனே ஓட்டாதே, ஒரு வேளை தாண்டட்டும்”னு. அதனால எங்களுக்கு அது புதுசாவே தோணல, உடனே பிடிச்சுக்கிட்டோம்.

ரெட்டேரிக் கரை எழுதியது:

மீஞ்சூர் தங்கச்சி சொன்னதைத்தான் நான் பணியில் இருந்த காலமெல்லாம் கண்டேன். ஏற்கெனவே கையில் இருக்கும் அறிவோடு வந்து பொருந்தும் புது முறை வேகமாகப் பரவும். சினை ஊசி பரவியதற்கு ஊசி காரணமென்றால் பாதிதான் உண்மை. பருவத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பெண்கள் தொழுவத்தில் இருந்தார்கள், மீதிப் பாதி அவர்கள். பருவம் பார்க்கத் தெரியாதவர் வீட்டில் எவ்வளவு உயர்ந்த காளையின் உறைவிந்தைப் போட்டாலும் சினை நிற்காது.

மேய்ச்சலை விட்டுக் கொட்டிலில் தீனி போட வந்ததும் யாருடைய அறிவுரையாலும் இல்லை. மேய்க்கால் நிலம் போனது, ஏரிக்கரை போனது, எண்ணூர் அத்திப்பட்டுப் பக்கம் சாம்பல் படிந்த புல்லை மேய்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வழி அடைபட்ட பின் கோ-4 வந்தது, ஒட்டிக்கொண்டது. கரணை வேண்டுபவர்கள் அலமாதியில் உள்ள மத்திய அரசின் தீவனப்பயிர் நிலையத்தில் விசாரிக்கலாம், நம் செங்குன்றம் வழிதான்.

பச்சிலை பறிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி போட்டு நல்லெண்ணெயில் காய்ச்சும் கால்புண் மருந்து நல்ல மருந்துதான். ஆனால் கொடுங்கையூர் குப்பைமேட்டு ஓரத்திலும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் முளைத்ததைப் பறித்து மாட்டுக்குப் போடாதீர்கள், உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துக்கு நிச்சயமாகக் கூடாது. அந்த மண்ணில் என்னென்ன ஊறியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். வீட்டு வாசலில் ஒரு தொட்டியில் வளர்த்துக்கொள்ளுங்கள்.

வியாசை மாட்டுக்காரன் எழுதியது:

//காது வில்லை மாட்டறதும் பிடிக்கல//

இதை யாரும் தொடல. வில்லை மாட்டின ஓட்டைல ஈ உக்காந்து புழு வெச்சு, காது அழுகிப் போன மாட்டை நானே பாத்திருக்கேன். அதான் பயப்படறாங்க. வில்லை மாட்டின அன்னிக்கே வேப்பெண்ணெய்ல மஞ்சள் குழைச்சுத் தடவிடு, ஓட்டை ஆறற வரைக்கும் தினம் தடவு. ஈ கிட்ட வராது. புழு வெச்சிருச்சுன்னா தேங்காயெண்ணெய்ல கற்பூரம் போட்டு ஊத்து, புழு வெளிய வரும், அப்புறம் டாக்டர்கிட்ட காட்டு. வில்லைல இருக்கற அந்தப் பன்னெண்டு இலக்க நம்பர் இல்லாட்டி தடுப்பூசிக் கணக்குல மாடு ஏறாது, அதனால வேணாம்னு சொல்லாத.

கொடுங்கையூர்க்காரன் எழுதியது:

அண்ணா, அக்கா, ஐயா, எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி அம்மாவுக்குப் போன்ல ரெட்டேரி ஐயா எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். கொடி விழணும்னா கன்னை ஊட்ட விடணும்கறதைக் கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், “எங்க பாட்டி கூட ஒரு தரம் கன்னு அவுத்துக்கிட்டுப் போய் ஊட்டிடுச்சு, கொடி உடனே விழுந்துச்சுன்னு சொல்லியிருக்கு”ன்னாங்க. இந்தத் தடவை செவலை கன்னு போடும்போது பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. தாது உப்பை அக்கா செஞ்ச மாதிரி ஒரு மாட்டுக்கு மட்டும் போடச் சொன்னேன், அதுக்குச் சரின்னுட்டாங்க. தடுப்பூசிக்கு இன்னும் சரின்னு சொல்லல. ஆனா பால் குறையறதை ஒருத்தர் ஒத்துக்கிட்டதே அவங்களுக்குச் சந்தோஷம்.

கடைசியா ஒரு கேள்வி. கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் வந்தா கூண்டோட போயிடுது. சாயங்காலம் கோழியெல்லாம் மரத்து மேல ஏறிடும், பிடிச்சு ஊசி போடறது அம்மாவால முடியாது. என்ன பண்றது?

வேப்பேரி மாணவி எழுதியது:

இதுக்கு நல்ல பதில் இருக்கு. நாட்டுக்கோழியைப் பிடிக்க முடியாதுங்கற இதே பிரச்சினைக்காகவே எங்க பல்கலைக்கழகத்துல தீனி மாதிரி போடற குருணைத் தடுப்பு மருந்து உருவாக்கியிருக்காங்க. கோழி தானே கொத்தித் தின்னுடும், ஊசியும் வேணாம், சொட்டும் வேணாம். மாதவரம் பால்பண்ணை வளாகத்துல விசாரிங்க, நீங்க இருக்கற எடத்துலேர்ந்து பக்கம்தான்.

முக்கியமா ஒண்ணு: நோய் வர்றதுக்கு முன்னாடி கொடுக்கணும். ஏற்கெனவே பச்சையும் வெள்ளையுமா கழிஞ்சு, கழுத்து திருகிக்கிட்டு நிக்கற கோழிக்கு எந்தத் தடுப்பு மருந்தும் வேலை செய்யாது. அந்தக் கோழிகளைத் தனியா வைக்கணும், செத்ததை ஆழமாப் புதைக்கணும், தெருவுலயோ குட்டையிலயோ வீசக் கூடாது. நோய் இருக்கும்போது சந்தையிலேர்ந்து புதுக்கோழி வாங்கிச் சேர்க்கவும் கூடாது.

ஒரு கோழியும் விடாம தின்னணும்னா காலைல கூண்டைத் திறந்ததும், மத்த தீனி போடறதுக்கு முன்னாடி போடச் சொல்லுங்க. பசியில எல்லாம் ஓடி வரும். எந்தக் கோழி கடைசியா வருது, எது ஒதுங்குதுன்னு அம்மாவுக்குத்தான் தெரியும், அதுக்குத் தனியாப் போடச் சொல்லுங்க.